நெற்றியில் பொட்டு வைத்த லேப்டாப்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிவிட்டுப் போன மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தெரியாது. கை எதைப் போடுகிறதோ அதுதான். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் கலங்கலாக எழுதிவிடுவேன். படிக்கிறவர்கள் அவரவர் வசதிப்படி எடுத்துக்கொள்வார்கள். இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரப்போகிறவள் என் மகள். பிழைகளை அவள் திருத்திவிடுவாள். திருத்தும்போது சிரிப்பாள். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாங்கள் லேப்டாப் வாங்கின கதையைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், "விருத்தாசலத்துல ஒருத்தரு கம்ப்யூட்டர் கேமரா முன்னால லுங்கி அவுந்து நின்னாராமே, உங்க பக்கந்தானா?" என்று என்னிடமே விசாரித்தார். "தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தேன். அந்த ஆள் நான்தான். லுங்கி அவிழவில்லை. நான் ஆடவும் இல்லை, ஓவென்று அழவும் இல்லை. நாக்கை நீட்டினதாகச் சொல்கிறார்களே, அது மட்டும் உண்மை. அது எப்படி நடந்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் வேலை செய்வது செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில். மின்சாரப் பெட்டிக்குள் வைக்கிற பியூஸ் கட்டைகளும், கண்காட்சிகளில் விற்கிற பொம்மைகளும் செய்கிற இடம். சூளையிலிருந்து இறங்கும் சாமான்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, நல்லது, ரெண்டாந்தரம், உடைசல் என்று பிரிப்பது என் வேலை. நல்ல பீங்கான் மணி மாதிரி 'டிங்' என்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று முனகும். மனிதர்களோடு பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனால்தான் இத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால், "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கக் கூசிக்கொண்டு அடுத்த நிறுத்தம் வரை போவேன். ஒருமுறை அப்படியே கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போயிருக்கிறேன். எங்கள் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் ஒரு மாலையும் இரண்டு காதுகளும்தான் தெரியும். விசேஷ வீடுகளில் வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு நான் இருக்கும் வரிசைப் பக்கம் வந்தால், சாப்பிடாமலே எழுந்து கை கழுவப் போய்விடுவேன். கேமரா என்றால் அவ்வளவு பயம்.

எங்கள் வீட்டில் எல்லாமே ரெண்டாந்தரம். ஷோகேஸில் இருக்கும் பொம்மைகளில் கிருஷ்ணருக்கு ஒரு கண் பெரிது. யானையின் துதிக்கை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும், வாதம் வந்த மாதிரி. கம்பெனியில் கழித்துவிட்டதையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினது நான்தான். அந்த ஷோகேஸிலேயே நேராக இருப்பது எங்கள் மகளின் பி.காம். பட்டம் ஒன்றுதான். கண்ணாடி போட்டு வைத்திருக்கிறோம்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்று நான் எழுதுவது பேச்சுக்காக இல்லை. காலையில் நிற்க ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கும்வரை நிற்பாள். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் விட்டால்தானே உட்கார. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பக்கெட்டில் வெந்நீரும் உப்பும் போட்டு, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போவாள்.

"உக்காந்து செய்யிற வேலை ஒண்ணு கெடைச்சா போதும்ப்பா. சம்பளம்கூட இதே இருக்கட்டும்" என்பாள்.

அப்படி ஒரு வேலை வரும்போல இருந்தது. சென்னையில் ஒரு கணக்குக் கம்பெனி. வீட்டிலிருந்தே பல கடைகளின் கணக்குகளைப் பார்த்துத் தர வேண்டும். போனிலேயே வீடியோவில் இன்டர்வியூ என்றார்கள். அன்றைக்கு அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தலை வாரி, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கம்பெனியில் இருந்தேன். மனசு கேட்கவில்லை. முடிந்திருக்கும் என்று நினைத்து அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும். ஜென்மத்தில் யாருக்கும் விடாமல் போன் பண்ணாதவன் அன்றைக்குப் பார்த்துப் பண்ணினேன். நான் பண்ணப் பண்ண அங்கே வீடியோ அறுந்து அறுந்து போயிருக்கிறது. கடைசியில் அவர்களே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மகள் என்னைத் திட்டவில்லை. அவள் அம்மா அந்தக் குறையைத் தீர்த்து வைத்தாள்.

"பேச வேண்டிய எடத்துல வாயில கொழுக்கட்டை. பேசக் கூடாத எடத்துல மூணு வாட்டி போனு!"

மகள் கெஞ்சிக் கேட்டு, இன்னொரு முறை பார்க்கிறோம் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். ஆனால் இந்த முறை கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும். வேலைக்கும் சொந்தமாக ஒன்று இருந்தாக வேண்டும். "இதுக்கு மேல நான் கேக்க முடியாதுப்பா" என்றாள்.

புதுசு என்ன விலை என்று விசாரித்தபோது நான் கடையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம்தான் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடை வாசலில் 'ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப்' என்று பலகை இருப்பதாக மகள் சொன்னாள். பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடுமாம். அதைத் துடைத்து, கெட்டுப்போனதை மாற்றி, மறுபடி விற்பார்களாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரெண்டாந்தரம்! நம் துறை! சீட்டு எடுத்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. மகளுக்குக் கடையில் ஆடித் தள்ளுபடி, லீவு கிடையாது. நானே போகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கடை வாசலில் நின்றபோது தெரியவில்லை.

கடைக்காரத் தம்பி கலகலப்பான ஆள். "வாங்கண்ணா, என்னா பாக்குறீங்க?" என்றார். நான் மகளுக்குப் போன் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வேறு பாஷையில் பேசிக்கொண்டார்கள். பிறகு போன் என்னிடம் வந்தது.

"ப்பா, மூணு எடுத்து வைப்பாரு. மூணும் ஒரே மாடல், ஒரே வெலை, உள்ள எல்லாம் ஒண்ணுதான். எது பாக்க நல்லா இருக்குதோ அத எடுத்துக்கிட்டு வா. ஒண்ணும் யோசிக்காத."

மூன்றையும் மேஜையில் திறந்து வைத்தார். யோசிக்காதே என்றால் நான் என்ன செய்வேன்? கைக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதல் லேப்டாப்பின் முதுகில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"ண்ணா, ண்ணா! என்னாங்ண்ணா பண்றீங்க? தேங்காயா இது?"

"வேலை... பழக்கம்" என்றேன்.

"எங்க வேலை?"

"செராமிக்ல."

"அதானே பாத்தேன்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "தட்டுங்கண்ணா, தட்டுங்க. ஒடைஞ்சா மட்டும் பில்லு போட்டுடுவேன்."

அவமானத்தோடு அவமானமாக மற்ற இரண்டையும் தட்டிவிட்டேன். மூன்றும் டொக் என்றன. பீங்கான் கணக்குப்படி மூன்றும் உடைசல்.

இரண்டு லேப்டாப்புகள் பளபளவென்று இருந்தன. மூன்றாவதின் மூடியில் நீளமாக ஒரு கீறல். ஓரத்தில் பழைய கம்பெனியின் நம்பர் ஒட்டியிருந்த இடம் பசையோடு கறுத்துப்போயிருந்தது. அதை ஒதுக்கத்தான் கையை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். அதன் திரைக்கு மேலே, நடு நெற்றியில், குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையாக, சிவப்பாக ஒரு பொட்டு.

மற்ற இரண்டுக்கும் அந்த இடத்தில் வெறும் கறுப்புப் புள்ளிதான் இருந்தது. இது ஒன்றுக்குத்தான் குங்குமம். எங்கோ ஒரு பெரிய கம்பெனியில், இதை வைத்திருந்த ஆள் ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வைத்த பொட்டு அழியாமல், கலையாமல், கடை கடையாக மாறி விருத்தாசலம் வரைக்கும் வந்திருக்கிறது. மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவன் மிஷினைத் தூக்கிப் போட்டு உடைப்பானா? டீயைக் கொட்டுவானா? என் மனசில் மணி அடித்தது. மூன்றையும் தட்டியும் வராத 'டிங்' அங்கேதான் வந்தது.

"இது" என்று கீறல் விழுந்ததைக் காட்டினேன்.

"ண்ணா, அதே காசுதான். பளபளன்னு இருக்கறத எடுத்துக்குங்க. அது கீறல் விழுந்ததுண்ணா. யாரும் வாங்காததால மூணாவதா வெச்சேன்."

"இதுவே இருக்கட்டும்."

"ஏண்ணா?"

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் ஒரு விநாடியில் விளக்கியிருப்பார். இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். தம்பி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மகள் பையைத் திறந்ததும், "ஏம்ப்பா, இதான் மூணுல நல்லா இருந்துச்சா?" என்றாள். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். அவள் அம்மாவுக்குக் கீறல் பெரிதாகப் படவில்லை. "அடுத்தவங்க பொழங்குன சாமான். யாரு கை பட்டுதோ. ஒரு கற்பூரம் காட்டிட்டுத் தொடு" என்றாள்.

"ம்மா, கற்பூரம், எலுமிச்சம்பழம், விபூதி, எதுவும் கிட்ட வரக்கூடாது. உள்ள ஏதாவது போச்சுன்னா மிஷினே போயிடும். சொல்லிட்டேன்."

கடைசியில் என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு தூரத்திலிருந்தே கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அதற்குத்தான் ஏற்கெனவே பூசை ஆகிவிட்டதே!

மகள் அதை ஒரு ஈரத்துணியால் துடைத்தாள். அங்கே இங்கே எதையோ தள்ளினாள், தட்டினாள், தன் முகத்தை அதில் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்.

தள்ளுபடி முடிந்து அவளுக்கு லீவு கிடைத்துவிட்டது. இன்டர்வியூ அன்றைக்குக் காலை. மகள் குளிக்கப் போயிருந்தாள். அறையில் மேஜை போட்டு, அதன் மேல் பழைய போர்வையை மடித்து விரித்து, லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். நான் குளித்து, விபூதி பூசி, லுங்கியும் தோளில் துண்டுமாக அந்தப் பக்கம் போனேன். என் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டாயிற்று. இந்த முறை என்னால் ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன். சும்மா ஒரு பார்வை பார்த்தேன். பொட்டு இல்லை.

அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்தாளே, அதில் போய்விட்டது. அந்தப் பொட்டுக்காகத்தானே கீறல் விழுந்ததை எடுத்தேன்? எத்தனையோ பேர் கை மாறியும் போகாதது எங்கள் வீட்டுக்கு வந்து போய்விட்டதே. அதுவும் இன்றைக்கா வெறும் நெற்றியோடு இருக்க வேண்டும்? மகளிடம் சொன்னால் கிட்டவே வரக்கூடாது என்பாள். சாமி படத்துக்கு முன்னால் குழைத்து வைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. மோதிர விரலில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, பழைய பொட்டு இருந்த அதே கறுப்புப் புள்ளியின் மேல், பிசகாமல் வைத்தேன். பொட்டு வைப்பதில் என் கை சுத்தம். கம்பெனியில் சேர்ந்த புதிதில் பொம்மைகளுக்கு வைத்த கை. தள்ளி நின்று பார்த்தேன். கடையில் பார்த்த மாதிரியே இருந்தது.

மகள் வந்து உட்கார்ந்தாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, நானும் என் மனைவியும் வெளியே இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரையில் மூன்று பேர் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். இரண்டு ஆண்கள், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நான்காவது கட்டம் மகளுடையது. அதில் அவள் முகம் இல்லை. சூளை எரியும்போது பார்க்கும் ஓட்டை வழியாகக் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு சிவப்பு தெரியும். அந்தச் சிவப்புதான் கட்டம் முழுக்க இருந்தது.

"உங்க வீடியோ வரலைம்மா" என்றார் அந்த அம்மா. "கேமரா ஷட்டர் மூடியிருக்கா பாருங்க."

மகள் லேப்டாப்பின் நெற்றியைப் பார்த்தாள். "ஆமா மேடம், மூடியிருக்கு. சாரி மேடம்" என்று அங்கே இருந்த ஏதோ ஒரு சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தினாள். கட்டம் கன்னங்கரேல் என்று ஆயிற்று. திருப்பி நகர்த்தினாள். மறுபடி சூளை. மறுபடி கறுப்பு, மறுபடி சூளை. அவள் பின்கழுத்தில் வேர்வை ஓடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஓர் ஆள் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தச் சிவப்பு எது என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

"குங்குமம்" என்றேன்.

"என்னா?" என்றாள் என் மனைவி.

"குங்குமம்."

"இப்ப எதுக்குங்க குங்குமம்? பேசாம நில்லுங்க."

"சாரி மேடம், ஒரு நிமிஷம் மேடம்" என்று உள்ளே மகளின் குரல் உடைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போயிருப்பேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேஜைக்கு முன்னால் குனிந்து, தோள் துண்டின் நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போகவில்லை, இழுவிக்கொண்டது. துண்டு நுனியை நாக்கில் நனைத்து அழுத்தி ஒரு துடை துடைத்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது. மறுபடி நனைப்பதற்காக நாக்கை நீட்டினேன். அந்தச் சமயம் பார்த்து நான்காவது கட்டம் பளிச்சென்று தெளிந்தது. அதில் ஒரு முகம். விபூதிப் பட்டை, மூக்கு, மூக்கில் முடி, நீட்டிய நாக்கு. கட்டத்துக்குள் அடங்காமல் அவ்வளவு பெரிசாக என் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சென்னையில் மூன்று பேரும் பார்த்தார்கள்.

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் மேஜைக்கு அடியில்.

மேலே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"யாரும்மா அது?"

"எங்கப்பா மேடம்."

"என்ன பண்ணாங்க?"

துண்டில் இருந்த சிவப்பை மகள் பார்த்திருக்க வேண்டும். "கேமராவுக்குப் பொட்டு வெச்சிருக்காங்க மேடம். ஷட்டர் மூடினா இதுல செவப்புப் புள்ளி தெரியும். பொட்டையும் நான் அதுன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க மேடம்."

அந்த அம்மா அதை இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னார். முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் கடிகாரம் பார்த்தவர் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாவே கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். "அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா" என்றார். நான் மேஜைக்கு அடியில் இருந்தபடியே, மேஜைப் பலகையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இன்டர்வியூ ஆரம்பித்தது. நான் வெளியே போக வேண்டுமென்றால் எழுந்துதான் போக வேண்டும். எழுந்தால் மறுபடி அந்தக் கட்டத்துக்குள் வருவேன். அதனால் அங்கேயே இருந்துவிட்டேன். மேலே இங்கிலீஷ் நடந்தது. எனக்குப் புரிந்தது யெஸ் மேடம், நோ சார், ஜி.எஸ்.டி. இவ்வளவுதான். மற்றதை அவள் கால்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மூக்குக்கு நேராக இருந்தன. கணுக்காலில் வீக்கம் வடியவே இல்லை. குதிகால் வெடித்திருந்தது. பக்கெட்டுக்குள் இருக்கும்போது பார்த்திருக்கிறேனே தவிர, இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கேள்வி வரும்போது விரல்கள் மடங்கித் தரையைக் கவ்வும். பதில் தெரிந்தால் விரியும். ஒரு கேள்விக்கு ரொம்ப நேரம் மடங்கியே இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தேன். கொசு ஒன்று என் தோளில் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடித்தால் சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் விரிந்தன. அதற்கப்புறம் அவை மடங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டில் உட்காருகிற மாதிரி.

முடிகிற சமயத்தில் அந்த அம்மா கேட்டார். "ஆமா, அப்பா எங்க போனாங்க? வெளிய போனதைப் பாக்கலையே?"

மகள் குனிந்து பார்த்தாள். நான் இன்னும் அங்கேயே இருப்பது அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. "கீழ... கீழதான் இருக்காங்க மேடம்."

மறுபடி சிரிப்பு. "ஐயோ, எழுந்திரிக்கச் சொல்லும்மா. கால் மரத்துப்போயிடும்."

கால் ஏற்கெனவே மரத்துப்போய்விட்டது. எழுந்தால் மேஜையோடுதான் எழுவேன். பதில் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று, அடியிலிருந்தே சத்தமாக, "பரவால்லீங்க!" என்றேன். அந்த இன்டர்வியூவில் நான் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

லேப்டாப்பை மூடிவிட்டு மகள் கேட்டாள். "ஏம்ப்பா, அவ்வளவு எடம் இருக்குது. அங்கதான் போய் வெப்பியா?"

மேஜைக்கு அடியில் காலை நீட்டித் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் தட்டினது, பொட்டைப் பார்த்தது, அதற்காகவே கீறல் விழுந்ததை எடுத்தது. அவள் லேப்டாப்பைத் திறந்து, "இங்க பாரு" என்று அந்தச் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தினாள். சிவப்புப் பொட்டு வந்தது. திருப்பினாள். போயிற்று. மறுபடி வந்தது.

"இது யாரும் வெச்ச பொட்டு இல்லப்பா. பிளாஸ்டிக்கு. கேமராவை மூடியிருக்குதுன்னு காட்டுறதுக்கு."

"எல்லாத்துலயும் இருக்குதா?"

"எல்லாத்துலயும் இருக்குது. மத்த ரெண்டுலயும் தெறந்து வெச்சிருந்திருப்பாங்க."

வாசலில் நின்ற என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்தப் பளபளன்னு இருந்த ரெண்டும்?"

நான் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டேன்.

பதில் வரும் வரைக்கும் அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது. மகள் மறுநாளே கடைக்குப் போய் நின்றாள். இரவில் அவள் பக்கெட்டை எடுக்கும் சத்தம் கேட்டால் நான் தெருவுக்குப் போய்விடுவேன். போன தடவை போன் போட்டுக் கெடுத்தேன். இந்த தடவை நாக்கை நீட்டி. கம்பெனியில் அந்த நாட்களில் நல்ல சாமானையெல்லாம் உடைசலில் போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. எடுக்கப் பயந்து, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும்.

"போனை எடுக்க மாட்டியாப்பா? கெடைச்சிடுச்சு. வர்ற ஒண்ணாந்தேதிலேருந்து. அந்த மேடம் உன்னை விசாரிச்சாங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொல்வதைப் பார்த்தால், "பரவால்லீங்க" என்றேனாம்.

இப்போது அவள் அந்த அறையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். லேப்டாப் இதுவரை ஒரு மக்கரும் பண்ணவில்லை. மூடியில் கீறல் அப்படியே இருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. வெந்நீர் பக்கெட் மாடிக்குப் போய், அதில் இப்போது கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. மீட்டிங் நடக்கும்போது நான் அந்தப் பக்கமே போவதில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்று, "பொட்டு இருக்குதா?" என்று கேட்பேன். "இருக்குது, வாப்பா" என்றால் உள்ளே போவேன். இல்லை என்று கை காட்டினால், டீ ஆறினாலும் பரவாயில்லை என்று வெளியிலேயே நிற்பேன். சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

லுங்கி அவிழவில்லை என்பதை மறுபடி ஒருமுறை இங்கே பதிவு செய்கிறேன்.

எழுதி முடித்தது ஐப்பசி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.